வலப்பக்கத்தால் ஏறும் வண்டி

ஆகஸ்ட் 4

நான் ஒரு வண்டி வாங்கப் போகிறேன். நாலு சில்லு வண்டி, அதாவது நாலு சக்கரம். காட்டுக்குள் ஓடும். அதற்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ரயரைப் பார்த்தால் உழவு இயந்திரம் குட்டி போட்டதுபோல இருக்கும். இங்கே வெள்ளைக்காரர் இதில்தான் வேட்டைக்குப் போகிறார்கள். சுட்ட மானைப் பின்னால் கட்டிக்கொண்டு ராசாபோல வருகிறார்கள். புதியது வாங்க வசதியில்லை. ஆரும் ஓட்டிக் கழித்தது போதும்.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தேநீர் ஆறிவிட்டது. ஆனால் எழுதிவிட்டேன். எழுபத்தொரு வயதில் ஐயம்பிள்ளை எழுதிவிட்டான். திரும்ப வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடியே கிடக்கிறது. ஓடிப்போகவில்லை.

ஆகஸ்ட் 5

கை வலி. மகளின் பெற்றோல் நிலைய வாசலைக் கூட்டினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11

மச்சான் வீட்டுக்குப் போனேன். மச்சான் என்றால் மார்க்கண்டு. என் தங்கை பொன்மணியின் புருஷன். முத்தையன்கட்டில் நாங்கள் இருவரும் ஒன்றாகக் காடு ஏறியவர்கள். அவன் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து காடு ஏறுவான். நான் பள்ளிக்கூடமே போகவில்லை. பள்ளிக்கூடம் இருந்த பக்கம் மான் இல்லை.

கனடாவுக்கும் ஒன்றாகத்தான் வந்தோம். மற்றவர்கள் ரொறொன்ரோவில் நின்றார்கள். நாங்கள் காடு எங்கே என்று கேட்டுக் கேட்டு வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டை. போன வருடம் வரை.

போன வருடம் சீனி வியாதியால் அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். நான் தினமும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் அவனுக்குக் கோபம் வந்தது. "சும்மா என்ரை மூஞ்சியைப் பாத்துக்கொண்டு இராதை. பேப்பரை எடு. எழுத்துப் படிப்பிக்கிறன்" என்றான். சாப்பாட்டுத் தட்டோடு வரும் கடதாசித் துவாய்களில்தான் நான் படித்தேன். ஒரு கால் போன மனிதன், வேதனையில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அது 'ந' இல்லையடா விசரா, வால் எங்கை?" என்று கத்துவான். அந்த நாட்களில் அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பதை நிறுத்தினான்.

அந்த நவம்பரில் நான் தனியே போய் ஒரு மான் சுட்டேன். ஒரு தொடையை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே அது திரும்பி வந்துவிட்டது.

ஏன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் வேட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. சுட்டவனுக்கு ஒரு பங்கு. கூட வந்தவனுக்கு ஒரு பங்கு. சுடும் துவக்குக்கு ஒரு பங்கு, அதைச் சொந்தக்காரன் எடுப்பான். கலைத்த நாய்க்கும் ஒரு பங்கு. ஒருவன் இறைச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். மற்றவன் ஒரு குவியலில் கையை வைத்து "இது ஆற்றை?", அதாவது இது யாருடையது என்று கேட்பான். முதுகு காட்டி நிற்பவன் சொன்னதுதான் முடிவு. சண்டை வராது. வீட்டில் இருந்தவனுக்குப் பங்கு இல்லை. நோயாளிக்கும் கைம்பெண்ணுக்கும் பிறகு ஒரு துண்டு அனுப்புவோம். அது பங்கு இல்லை, இரக்கம்.

மார்க்கண்டு தொடையைத் திருப்பி அனுப்பும்போது சொல்லிவிட்ட சொல்: "பங்கெண்டா எடுப்பன். நோயாளிக்குக் குடுக்கிறதை எனக்கு அனுப்ப வேண்டாம்."

பிறகு துவக்கை விற்றுவிட்டான். இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறான். பொன்மணி சொல்கிறாள், அது ஓடாவிட்டாலும் அதைத்தான் பார்க்கிறானாம். செயற்கைக் காலைச் சாப்பாட்டுக்கு வரும்போது மட்டும் மாட்டுகிறான்.

இன்று அவனிடம் வண்டி வாங்கும் கதையைச் சொன்னேன்.

"வாங்கு" என்றான். "ஓட்டு. விழு. ஆஸ்பத்திரியிலை என்ரை பக்கத்துக் கட்டில் காலியாத்தான் கிடக்கும்."

"எனக்கு என்ஜினைப் பற்றி ஒண்டும் தெரியாது மச்சான்."

"அது ஊருக்கே தெரியும்."

முத்தையன்கட்டில் தண்ணீர்ப் பம்பு, உழவு இயந்திரம் எல்லாம் திருத்தியவன் அவன். இன்று என் பக்கம் திரும்பிப் பார்த்துத்தான் ஏசினான்.

ஆகஸ்ட் 19

மகள் யசோவோடு போய் முதல் வண்டி பார்த்தேன். சிவப்பு நிறம். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். விற்கிறவன் ஒரு கட்டை மனிதன், தாடி வைத்தவன். நல்ல சிரிப்பு. எனக்குப் பிடித்துவிட்டது. வாங்கிவிடலாமா என்று மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"என்ஜினைத் தொட்டுப் பார்" என்றான்.

"தொட்டன். இளஞ்சூடு. நல்ல வண்டி மச்சான், குளிருக்கு இதமா இருக்கும்."

"இதமோ? டேய், நீ போக முன்னமே அவன் ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருக்கிறான். குளிர்ந்து கிடந்தால் என்ஜின் ஸ்ராட் பிடிக்காது. அதை மறைக்கிறான். ஒயில் கோலை இழுத்துப் பார். என்ன நிறம்?"

"பால் தேத்தண்ணி."

"தண்ணிக்குள்ளை மூழ்கின வண்டி. விட்டிட்டு வா. ஒண்டும் குடிக்காதை, ஒண்டும் கைச்சாத்து வைக்காதை, வா!"

காதில் குத்தும்படி கத்தினான். திரும்பும் வழியில் யசோ காரை ஓட்டிக்கொண்டே, "அப்பா, ஒயில் பாக்கிறதை மாமா உங்களுக்கு வருஷக்கணக்கா காட்டித் தந்தவர்தானே?" என்று கேட்டாள்.

வயது போனால் மறதி வரும் என்று சொன்னேன்.

செப்டெம்பர் 2

அரிசிப் பையில் எழுதியிருந்ததை இன்று வாசித்தேன். இத்தனை காலமும் அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணின் பெயர்தான் அதில் எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். "சமைக்குமுன் நன்றாகக் கழுவவும்" என்று எழுதியிருக்கிறது. யசோவைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். "கழுவித்தான் அப்பா போடுறன்" என்றாள்.

செப்டெம்பர் 9

இரண்டாவது வண்டி. நல்ல வண்டிதான். ஒயில் சுத்தம், என்ஜின் குளிரில் பிடித்தது. ஆனால் கியரை இடது காலால் மாற்ற வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தங்கை வீட்டில் தேநீர் குடிக்கும்போது பொன்மணி மெதுவாகக் கேட்டாள். "அண்ணை, உங்கடை இடக்கால் நல்லாத்தானே இருக்கு?"

தேநீர் நன்றாக இருந்தது. இஞ்சி போட்டிருந்தாள்.

செப்டெம்பர் 13

மழை. வெளியே போகவில்லை. முத்தையன்கட்டு நினைவு வந்தது.

ஒரு கோடையில் குளம் வற்றி ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நின்றது. பாலை மரத்தில் பறண் கட்டி நானும் மார்க்கண்டும் இருந்தோம். பறண் என்றால் மரத்தில் தடி கட்டிச் செய்த தட்டு. எங்களிடம் இருந்தது ஓர் இடியன் துவக்கு. ஒரே ஒரு வெடிதான் போடலாம். பிறகு மருந்து இடித்து நிரப்ப வேண்டும். பன்றிக் கூட்டம் வந்தது. நான் சுடட்டுமா என்று கையைக் காட்டினேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். குட்டிகள் தண்ணீரில் விழுந்து புரண்டன. ஒரு குட்டி சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஏற முடியாமல் விழுந்தது. மார்க்கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பறண் ஆடியது. பன்றி எல்லாம் ஓடிவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். வழி முழுதும் அவன் அந்தக் குட்டியைப்போலச் சறுக்கிக் காட்டிக்கொண்டே வந்தான்.

கொண்டுவந்த இறைச்சி எவ்வளவோ. அதெல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் குட்டி மட்டும் நினைவில் நிற்கிறது.

செப்டெம்பர் 20

நிறைய எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

லொறெய்ன் என்று ஓர் அம்மா. புருஷன் செத்துப்போனான். அவனுடைய பச்சை வண்டியை விற்கிறாள். நான் மச்சான் வீட்டுக்குப் போய்ப் பொன்மணியிடம் மட்டும் சொல்லிவிட்டு யசோவோடு புறப்பட்டேன். காரில் ஏறப் போகும்போது மார்க்கண்டு வாசலில் நின்றான். கால் மாட்டியிருந்தான். சப்பாத்துப் போட்டிருந்தான்.

"நீ போனால் செத்தவன்ரை சில்லை மட்டும் வாங்கிக்கொண்டு வருவாய்" என்றான். "நான் இறங்க மாட்டன். காருக்குள்ளை இருந்து சத்தம் கேப்பன். அவ்வளவுதான்."

இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தான். அந்த அம்மா வண்டியை ஸ்ராட் செய்தாள். என்ஜின் சில்லென்று குளிர்ந்து கிடந்தது, ஆனாலும் முதல் தட்டிலேயே பிடித்தது. மார்க்கண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "கொஞ்சம் கூட்டு. குறை. விடு" என்று காருக்குள் இருந்தே கத்தினான். "முன் சில்லைப் பிடிச்சு ஆட்டு. ஆடுதோ?" ஆடவில்லை. "சீற்றைத் தூக்கி வயரைப் பார். எலி கடிச்சிருக்கோ?" கடிக்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காரைப் பார்த்துச் சிரித்தாள். தன் புருஷனும் இப்படித்தான் வீட்டுக்குள் இருந்தபடியே கத்துவான் என்று யசோவிடம் சொன்னாளாம்.

கியர் கையால் மாற்றுவது. அது முதலிலேயே எனக்குத் தெரியும். போனில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மிச்சம் இருந்தது ஏறிப் பார்ப்பது. நான் வண்டியைச் சுற்றி வலப்பக்கம் போனேன். வலக்காலை மிதியில் ஊன்றினேன். இடக்காலை ஒரு கட்டையைப்போல விறைப்பாக வைத்துக்கொண்டு, கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். சரியாக வந்தது. திரும்ப இறங்கினேன். திரும்ப ஏறினேன். இரண்டு கை ஊன்ற இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

லொறெய்ன் அம்மா, எல்லோரும் இடப்பக்கத்தால்தானே ஏறுவார்கள், உனக்குக் காலில் நோவா என்று கேட்டாள். யசோ மொழிபெயர்க்கவில்லை. காரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மார்க்கண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

வண்டியை வாங்கினேன். திரும்பி வரும்போது மார்க்கண்டு கண்ணாடியை இறக்கினான்.

"ஆருக்கடா அந்த வண்டி?" என்றான்.

"எனக்குத்தான்."

"உனக்கு இடக்கால் இல்லையோ?"

நான் வெளியே பார்த்தேன். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன.

"என்னை ஏத்திக்கொண்டு போய் காட்டைக் காட்டுவாய். அந்தா மான், இந்தா மரம் எண்டு. கோயில் தேரிலை சாமி போற மாதிரி நான் போக, நீ பிடிச்சுக்கொண்டு நடப்பாய். என்ன?"

"சாமி எண்டு ஆர் சொன்னது? உன்ரை மூஞ்சிக்கு."

அவன் சிரிக்கவில்லை. "காட்டுக்கு நடந்து போனவன் நான். தொடையைத் திருப்பி அனுப்பினன். நீ இப்ப வண்டியாக் கொண்டு வந்திருக்கிறாய். அதுவும் இரக்கம்தான். சில்லு வைச்ச இரக்கம்."

எனக்கும் கோபம் வந்தது. "அப்பிடியெண்டா நீ எனக்கு எழுத்துப் படிப்பிச்சது என்ன? படிக்காதவன் எண்டு இரக்கப்பட்டோ?"

"இல்லை. எனக்குப் பொழுது போகேல்லை."

"எனக்கும் நவம்பரிலை பொழுது போகேல்லை!"

வீட்டு வாசலில் இறங்கும்போது யசோ கை கொடுத்தாள். அவன் பிடிக்கவில்லை.

செப்டெம்பர் 23

எங்கள் வீடு பெற்றோல் நிலையத்தின் மேல் மாடி. வண்டி நிறுத்த இடம் இல்லை. உண்மையாகவே இடம் இல்லை. ஆகவே வண்டியைப் பொன்மணி வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் விட்டோம். வண்டியை ஸ்ராட் செய்யும் திறப்பை ஆணியில் தொங்கவிட்டு வந்தேன். மார்க்கண்டு அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒக்டோபர் 1

போன் எடுத்தேன். பொன்மணிதான் எடுத்தாள். "குளிக்கிறார்" என்றாள். பின்னால் அவன் இருமுவது கேட்டது.

ஒக்டோபர் 4

போன் எடுத்தேன். குளிக்கிறாராம். மிகவும் சுத்தமான மனிதன்.

ஒக்டோபர் 13

முதல் பனி கொஞ்சம் தூவியது. பூசணிக்காய் கொடுக்கப் பொன்மணி வீட்டுக்குப் போனேன். அவர்கள் வைத்தியரிடம் போயிருந்தார்கள். பின்பக்கம் போனேன்.

நான் எழுத்தைப் படித்தது இப்போதுதான். காலடித் தடம் பார்க்க, நடக்கத் தொடங்கியபோதே படித்தவன். கொட்டிலுக்கு முன்னால் பனியில் வண்டி போன தடம் இருந்தது. பூவரசம் இலை அளவு இடத்தில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போன தடம். பிறகு வேலியோரம் ஒரு வட்டம். அதன்மேல் இன்னொரு வட்டம். ஓரிடத்தில் மனிதன் விழுந்த பள்ளம் இருந்தது. இரண்டு கை ஊன்றிய அடையாளம். பிறகு எழும்பிய அடி. ஒரு சப்பாத்து ஆழமாகப் பதிந்திருந்தது. மற்றது மேலோட்டமாக, கொஞ்சம் வெளியே திரும்பி. அந்த அடி வண்டியின் வலப்பக்கத்துக்குப் போய் முடிந்தது. அங்கிருந்து மூன்றாவது வட்டம்.

நான் பூசணிக்காயைப் படியில் வைத்தேன். வண்டியின் டாங்கியைத் திறந்து பார்த்தேன். பாதிக்குக் கீழே. யசோவிடம் ஒரு கலன் பெற்றோல் வாங்கி வந்து நிரப்பினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் பார்க்கவும் இல்லை.

ஒக்டோபர் 14

பொன்மணி போன் எடுத்தாள். "அண்ணை, டாங்கியிலை பெற்றோல் எப்பிடிக் கூடினது எண்டு இவர் கேக்கிறார்."

"வண்டி நல்ல வண்டி. குடிக்கிறதும் இல்லைப்போலை" என்றேன்.

பின்னால் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை.

ஒக்டோபர் 30

நாளை மறுநாள் கழிய வேட்டை தொடங்குகிறது. துவக்கைத் துடைத்தேன். செம்மஞ்சள் மேற்சட்டையை யசோ தோய்த்துத் தந்தாள். இந்த நிறம் போட்டால்தான் மற்ற வேட்டைக்காரர் எங்களைச் சுடாமல் விடுவார்கள். மானுக்கு இந்த நிறம் பெரிதாகத் தெரியாதாம். நல்ல ஏற்பாடு.

எனக்கு ஒரு மேற்சட்டை. அவனுடையதும் என்னிடம்தான் கிடந்தது. அதையும் சேர்த்துத் தோய்க்கச் சொன்னேன்.

நவம்பர் 1

காலையில் போன் அடித்தது. அவன்தான்.

"என்ரை மேற்சட்டை உன்னட்டையோ?"

"ஓம்."

"கொண்டு வா. நான் நாளைக்கு வாறன். வண்டியை நான்தான் ஓட்டுவன். நீ நட. நீ பிடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது, 'பாத்து, பாத்து' எண்டு கத்தக்கூடாது. நான் விழுந்தால் நான் எழும்புவன்."

"விழுந்தால் நான் சிரிக்கலாமோ?"



"சிரிக்கலாம்" என்றான்.

நவம்பர் 2

போனோம்.

அவன் வலப்பக்கத்தால் ஏறினான். நான் முன்னால் நடந்தேன். ஒற்றையடிப் பாதையில் வண்டி பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. ஒரு மேட்டில் சறுக்கியது. நான் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

வண்டிச் சத்தத்துக்குக் காடு செத்ததுபோலக் கிடந்தது. ஓடைக்கு இப்பால் வண்டியை நிறுத்தி, காடு எங்களை மறக்கும்வரை பேசாமல் இருந்தோம். முதலில் ஓர் அணில் வந்தது. பிறகு குருவிகள். மார்க்கண்டு முகத்தை நான் பார்த்தேன். மூக்கு விரிந்திருந்தது. ஈர இலை மணம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் அதை இழுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு விழுந்த மரத்தில் அவனை இருக்கவிட்டு என் துவக்கை அவன் மடியில் வைத்தேன்.

"நீ?"

"நான் அந்தப் பக்கத்தாலை சுத்திப் போய்க் கலைச்சுக்கொண்டு வாறன். நாய் இல்லையே."

"கவனம். குரைக்கிறதெண்டா நல்லாக் குரை."

தேவதாருப் பற்றைக்குள்ளால் தடியால் தட்டிக்கொண்டு, ஊரில் பன்றி கலைப்பதுபோல "ஓய், ஓய்" என்று கத்திக்கொண்டு வந்தேன். முன்னால் சருகு நொறுங்கியது. வெள்ளை வால் ஒன்று உயர்ந்து போனது. அவன் இருந்த பக்கம் நேராகப் போனது. நான் நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு வெடி.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஓடினேன் என்று எழுதக்கூடாது, இந்த வயதில் அது பொய். போனேன்.

மார்க்கண்டு விழுந்த மரத்தில் இல்லை. கீழே சருகில் மல்லாக்கக் கிடந்தான். துவக்கை நெஞ்சில் வைத்திருந்தான். செயற்கைக் கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. உடம்பு குலுங்கியது. அழுகிறானாக்கும் என்று பக்கத்தில் குந்தினேன்.

சிரித்துக்கொண்டிருந்தான்.

"எழும்பிச் சுட்டன் மச்சான். துவக்கு தள்ளிச்சுது, நான் பின்னாலை விழுந்தன். மான் நிண்டு திரும்பிப் பாத்திட்டுப் போகுது. நம்ப மாட்டாய், அது நிண்டு பாத்தது!"

"பட்டுதோ?"

"எங்கை பட? வானத்துக்கு வெடி."

இருவரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் சொன்னபடி, நான் பிடிக்கவில்லை. அவனே புரண்டு, மரத்தைப் பிடித்து, எழும்பினான்.

பொன்மணி கட்டித் தந்த புட்டையும் சம்பலையும் வண்டியின் சீற்றில் வைத்து அவிழ்த்தேன். கையை வைக்கப் போகும்போது மார்க்கண்டு தடுத்தான்.

"பிரி" என்றான்.

"என்னத்தை?"

"புட்டை. வேட்டைக்கு வந்திருக்கிறம். சட்டம் சட்டம்தான்."

அவன் காட்டைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் குவியல் வைத்தேன். ஒன்றில் கையை வைத்தேன்.

"இது ஆற்றை?"

"வெடி வைச்சவன்ரை."

"வானத்தைச் சுட்டவனுக்கும் பங்கோ?"

"வானம் எண்டு சட்டத்திலை விலக்கில்லை. அடுத்தது."

"இது ஆற்றை?"

"கூட வந்தவன்ரை. எடு."

"இது?"

"துவக்கின்ரை. துவக்கு உன்ரை. எடு."

"இது?"

"நாயின்ரை. குரைச்சது ஆர்? நீ. எடு."

ஒரு குவியல் மிச்சம் இருந்தது. கையை அதில் வைத்தேன். ஊரில் இப்படி ஒரு பங்கு இருந்ததில்லை. நான்தான் ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டேன்.

"இது ஆற்றை மச்சான்?"

முதுகு மட்டும் தெரிந்தது. செம்மஞ்சள் மேற்சட்டை, ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்து.

"வண்டியின்ரை" என்றான்.

"வண்டி ஆற்றை?"

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான். உள்ளங்கை விரிந்திருந்தது.

"என்ரை" என்றான்.

புட்டை அந்தக் கையில் வைத்தேன்.

நவம்பர் 3

இன்றும் மான் இல்லை. பொன்மணி புட்டைக் கூடுதலாகவே அவித்திருந்தாள். வண்டி நன்றாகச் சாப்பிடுகிறது.